மெய்நிகர் லினக்ஸ் டெஸ்க்டாப் தவழ்கிறதா? கிராபிக்ஸ் முடுக்கத்தை அமைக்கும் வழி

மெய்நிகர் கணினியில் லினக்ஸை நிறுவி முடித்தாயிற்று. உள்ளே நுழைந்து ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்தால், அது மவுஸுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. மெனு விட்டுவிட்டு விரிகிறது. ஒரு வீடியோவை ஓடவிட்டால் கணினியின் மின்விசிறி இரைய ஆரம்பிக்கிறது. இதைப் பார்த்ததும் பலரும் ரேமைக் கூட்டுவார்கள், பிராசசர் கோர்களைக் கூட்டுவார்கள், டிஸ்ட்ரோவையே மாற்றுவார்கள். பெரும்பாலும் இவை எதுவும் தேவையில்லை. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரே வரைந்துகொண்டிருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு பக்கத்திலேயே சும்மா இருக்கிறது. கோளாறு அவ்வளவுதான். வரையும் வேலையைக் கார்டிடம் ஒப்படைப்பதைத்தான் கிராபிக்ஸ் முடுக்கம் என்கிறோம்.

இந்தக் கட்டுரையில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். உண்மையான கணினியை ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினியைக் கெஸ்ட் என்றும் சொல்கிறேன். கட்டளைகளையும் பேக்கேஜ் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

ஏன் பிராசசர் வரைகிறது?

கெஸ்ட்டுக்கு உண்மையான கிராபிக்ஸ் கார்டு தெரியாது. ஹைப்பர்வைசர் எனப்படும் மென்பொருள் அதற்கு ஒரு பாவனைக் கார்டைத்தான் காட்டுகிறது. முப்பரிமாண வேலை செய்யும் திறன் அந்தக் கார்டுக்கு இல்லையென்றாலும் லினக்ஸ் கைவிடுவதில்லை. அதன் கிராபிக்ஸ் நூலகமான மீசாவுக்குள் எல்எல்விஎம்பைப் என்றொரு பகுதி இருக்கிறது. கார்டு செய்ய வேண்டிய கணக்குகளை எல்லாம் அது பிராசசரிலேயே போட்டுவிடும். படம் வரும், மெதுவாக வரும்.

எவ்வளவு மெதுவாக என்பது திரையின் அளவைப் பொறுத்தது. 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே எனப்படும் 3840×2160 திரையில் ஏறத்தாழ 83 லட்சம். அதை வினாடிக்கு 60 முறை புதுப்பித்தால் கிட்டத்தட்ட 50 கோடிப் புள்ளிகள். க்னோம், கேடிஇ பிளாஸ்மா போன்ற டெஸ்க்டாப்கள் ஒவ்வொரு சாளரத்தையும் ஓபன்ஜிஎல் (செயலிகள் கார்டிடம் வரையச் சொல்லும் இடைமுகம்) வழியாகக் கோத்துத்தான் திரையில் காட்டுகின்றன. அந்த வேலை முழுவதும் கெஸ்ட்டுக்குக் கொடுத்த இரண்டு மூன்று கோர்களின் தலையில் விழுந்தால் அவை என்ன செய்யும்? உங்கள் செயலிகளுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

முதல் படி: ஒரே ஒரு வரியைப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் கெஸ்ட்டுக்குள் டெர்மினலைத் திறந்து ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையை, ஒரு ஹைஃபனும் பெரிய எழுத்து பி-யும் சேர்த்து ஓட்டுங்கள். கட்டளை இல்லை என்று சொன்னால், டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகியவற்றில் மீசா-யூட்டில்ஸ் பேக்கேஜையும், ஃபெடோராவில் ஜிஎல்எக்ஸ்-யூட்டில்ஸ் பேக்கேஜையும் நிறுவுங்கள். பத்திருபது வரிகள் வரும். அவற்றில் 'ஓபன்ஜிஎல் ரெண்டரர் ஸ்ட்ரிங்' என்று தொடங்கும் வரி ஒன்றுதான் இப்போது வேண்டும். இனி இதை ரெண்டரர் வரி என்கிறேன்.

அந்த வரி எல்எல்விஎம்பைப் என்று தொடங்கினால், பிராசசர்தான் வரைகிறது, முடுக்கம் இல்லை.

விர்ஜிஎல் என்று தொடங்கி அடைப்புக்குறிக்குள் உங்கள் ஹோஸ்ட்டின் கார்டு பெயர் இருந்தால், கேவிஎம் (லினக்ஸ் கர்னலிலேயே இருக்கும் ஹைப்பர்வைசர்) வழியாக முடுக்கம் வேலை செய்கிறது.

எஸ்விஜிஏ3டி என்று தொடங்கினால், விர்ச்சுவல்பாக்ஸிலோ விஎம்வேரிலோ முடுக்கம் வேலை செய்கிறது. இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. அதே வரியின் கடைசியில் எல்எல்விஎம் என்ற சொல்லும் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்எல்விஎம் வேறு, எல்எல்விஎம்பைப் வேறு. வரி எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

டி3டி12 என்று தொடங்கினால், நீங்கள் விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸ் ஓட்டுகிறீர்கள். மீசா அங்கே விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வழியாகக் கார்டை எட்டுகிறது. நீங்கள் செய்வதற்கு அதிகம் இல்லை. விண்டோஸில் கார்டின் டிரைவரைப் புதிதாக வைத்துக்கொண்டு, டபிள்யூஎஸ்எல்லையும் புதுப்பித்தால் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

விர்ஜிஎல்லுக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் கார்டு பெயருக்குப் பதிலாக எல்எல்விஎம்பைப் என்று இருந்தால்? இதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. கெஸ்ட் தன் வேலையைச் சரியாக ஹோஸ்ட்டுக்கு அனுப்புகிறது, ஆனால் ஹோஸ்ட்டே பிராசசரில்தான் வரைகிறது என்று அதற்குப் பொருள். ஒருமுறை நான் கெஸ்ட்டுக்குள் மீசாவை மூன்று தடவை அழித்து நிறுவினேன், கர்னலை மாற்றிப் பார்த்தேன், இரண்டு மாலைப் பொழுதுகள் போயின. கோளாறு ஹோஸ்ட்டில் இருந்தது. ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு அங்கே கார்டின் டிரைவர் ஏறவே இல்லை. அடைப்புக்குறிக்குள் அது தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வரியை முழுவதும் படிக்காமல் எதிலும் கை வைப்பதில்லை.

முடுக்கம் என்பது ஒரு சங்கிலி. ஹோஸ்ட்டின் டிரைவர், ஹைப்பர்வைசர், அது காட்டும் பாவனைக் கார்டு, கெஸ்ட்டின் மீசா என்று நான்கு கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் தொடுங்கள். ஒரே நேரத்தில் நான்கையும் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இரண்டாம் படி: ஹோஸ்ட்டைச் சோதியுங்கள்

ஹோஸ்ட்டும் லினக்ஸ் என்றால், அதே ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை அங்கேயும் ஓட்டுங்கள். உண்மையான கார்டின் பெயர் வர வேண்டும். அங்கேயே எல்எல்விஎம்பைப் வந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கெஸ்ட்டில் என்ன செய்தாலும் பயன் இருக்காது.

அடுத்து, கேவிஎம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். டெவ் கோப்புறைக்குள் கேவிஎம் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் பயோஸ் அமைப்புக்குள் போய் இன்டெல் பிராசசரில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற வசதியை இயக்குங்கள். இது கிராபிக்ஸ் முடுக்கம் அல்ல, பிராசசரின் மெய்நிகராக்க வசதி. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புபவர்கள் நிறைய. ஆனால் இது இல்லாவிட்டால் கெஸ்ட் முழுவதுமே நத்தை வேகத்தில்தான் நகரும், கிராபிக்ஸை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, டெவ் கோப்புறைக்குள் டிஆர்ஐ என்ற கோப்புறையைப் பாருங்கள். ரெண்டர்டி128 என்ற கோப்பு இருக்கும். ஹைப்பர்வைசர் கார்டைத் தொடுவது இதன் வழியாகத்தான். மடிக்கணினியில் இரண்டு கார்டுகள் இருந்தால் ரெண்டர்டி129-உம் இருக்கும். இந்தக் கோப்புகள் பல டிஸ்ட்ரோக்களில் ரெண்டர் என்ற குழுவுக்குச் சொந்தம். உங்கள் பயனர் கணக்கை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். குழுவில் சேர்த்ததோடு நிறுத்திவிட்டு 'அப்படியும் வரவில்லையே' என்று தேடுபவர்கள் உண்டு. மீண்டும் உள்நுழையும்வரை அந்த மாற்றம் உங்கள் அமர்வுக்குத் தெரியாது.

மூன்றாம் படி: விர்ட்-மேனேஜரில் அமைப்பது

லினக்ஸ் ஹோஸ்ட்டில் லினக்ஸ் கெஸ்ட் ஓட்டுபவருக்கு என் முதல் பரிந்துரை கேவிஎம்மும், கெஸ்ட்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜர் என்ற செயலியும்தான். கெஸ்ட்டுக்குள் தனியாக டிரைவர் நிறுவ வேண்டியதில்லை. விர்ட்டியோ-ஜிபியூ என்ற பாவனைக் கார்டுக்கான டிரைவர் 2015-இலேயே, 4.2 பதிப்பில், லினக்ஸ் கர்னலுக்குள் வந்துவிட்டது. முப்பரிமாண ஆதரவு 4.4-இல் சேர்ந்தது. அதற்கு இணையான விர்ஜிஎல் பகுதி மீசாவுக்குள்ளேயே இருக்கிறது. இன்று நீங்கள் நிறுவும் எந்த டெஸ்க்டாப் டிஸ்ட்ரோவிலும் இரண்டும் தயாராக இருக்கும்.

கெஸ்ட்டை முழுவதுமாக அணையுங்கள். தற்காலிகமாக நிறுத்திவைத்தால் போதாது. பிறகு அதன் வன்பொருள் விவரப் பக்கத்தைத் திறந்தால், இடப்பக்கம் பட்டியல் இருக்கும்.

அதில் 'டிஸ்ப்ளே ஸ்பைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கெஸ்ட்டின் திரையை உங்களுக்குக் கொண்டுவந்து காட்டும் வழிதான் ஸ்பைஸ். 'லிசன் டைப்' என்ற இடத்தில் 'நன்' என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்தது வேலை செய்யாது. ஏனென்றால் ஸ்பைஸின் இந்த ஓபன்ஜிஎல் வழி அதே கணினிக்குள் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. நெட்வொர்க் போர்ட் திறந்திருந்தால் கெஸ்ட் கிளம்பவே மறுக்கும். அடுத்து 'ஓபன்ஜிஎல்' பெட்டியில் டிக் வையுங்கள். கீழே எந்தக் கார்டு என்று கேட்கும். ஒரே கார்டுதான் என்றால் தானியங்கித் தேர்வே போதும். இரண்டு இருந்தால் இன்டெல் அல்லது ஏஎம்டி கார்டைக் கையால் தேர்ந்தெடுங்கள். 'அப்ளை' அழுத்துங்கள்.

அப்புறம் பட்டியலில் 'வீடியோ' என்பதற்குப் போங்கள். மாடல் 'விர்ட்டியோ' என்று இருக்க வேண்டும். பழைய கெஸ்ட்களில் க்யூஎக்ஸ்எல் என்று இருக்கும். அது இருபரிமாண வேலைக்கான கார்டு, அதில் முப்பரிமாண முடுக்கம் கிடையாது. விர்ட்டியோவாக மாற்றி, '3டி ஆக்ஸலரேஷன்' பெட்டியில் டிக் வைத்து, மீண்டும் 'அப்ளை'. இந்த இரண்டு டிக்குகளும் சேர்ந்துதான் வேலை செய்யும். ஒன்றை மட்டும் வைத்தால் பிழைச் செய்தி வரும், அல்லது கெஸ்ட் கிளம்பியும் முடுக்கம் வராது.

கெஸ்ட்டைத் தொடங்கி ரெண்டரர் வரியைப் பாருங்கள். விர்ஜிஎல் வந்ததா? வந்துவிட்டால் ஒரு சாளரத்தை இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

விர்ட்-மேனேஜர் இல்லாமல், கேவிஎம்மோடு சேர்ந்து கெஸ்ட்டை ஓட்டும் க்யூஇஎம்யூ என்ற மென்பொருளை நேரடியாகக் கட்டளையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய வழிகாட்டிகள் விர்ட்டியோ-விஜிஏ கார்டோடு 'விர்ஜிஎல் ஆன்' என்று ஒரு விருப்பம் சேர்க்கச் சொல்லும். 2021-இல் வந்த 6.1 பதிப்பிலிருந்து முப்பரிமாணத்துக்கென்று விர்ட்டியோ-விஜிஏ-ஜிஎல் என்ற தனிக் கார்டு வந்துவிட்டது. அதைக் கொடுத்து, டிஸ்ப்ளே விருப்பத்தில் ஜிடிகே அல்லது எஸ்டிஎல் என்று சொல்லி, 'ஜிஎல்' ஆன் என்று சேர்த்தால் போதும். அப்படியொரு கார்டே இல்லை என்று பிழை வந்தால், உங்கள் டிஸ்ட்ரோ க்யூஇஎம்யூவின் ஓபன்ஜிஎல் பகுதிகளைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கலாம். க்யூஇஎம்யூ, ஓபன்ஜிஎல் என்ற இரண்டு சொற்களையும் வைத்துப் பேக்கேஜ் பட்டியலில் தேடி நிறுவுங்கள்.

வரவில்லை என்றால் எங்கே தேடுவது?

கெஸ்ட் கிளம்புகிறது, ஆனால் இன்னும் எல்எல்விஎம்பைப்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கெஸ்ட்டில் டிமெசேஜ் கட்டளையை சூடோவோடு ஓட்டி, டிஆர்எம் என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். அவற்றில் ஒன்று கார்டின் வசதிகளைப் பட்டியலிடும். விர்ஜிஎல் என்ற சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று பாருங்கள். தேடல் இங்கே இரண்டாகப் பிரிகிறது.

கழித்தல் குறி என்றால் ஹோஸ்ட் அந்த வசதியைக் கொடுக்கவே இல்லை. கெஸ்ட்டில் எதையும் தொட வேண்டாம். மேலே சொன்ன இரண்டு டிக்குகளையும் மறுபடி பாருங்கள். ஹோஸ்ட்டில் விர்ஜில்ரெண்டரர் நூலகம் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட்டை அணைத்துத் தொடங்கினீர்களா என்பதையும் யோசியுங்கள். உள்ளிருந்தபடி ரீஸ்டார்ட் செய்தால் பழைய பாவனைக் கார்டே தொடரும்.

கூட்டல் குறி என்றால் ஹோஸ்ட் கொடுத்துவிட்டது, கெஸ்ட்தான் எடுத்துக்கொள்ளவில்லை. மீசாவின் டிஆர்ஐ டிரைவர் பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், குறைந்தபட்ச நிறுவல்களில் அது விடுபட்டிருக்கும். இன்னொன்று, மென்பொருளாலேயே வரையச் சொல்லும் சூழல் மாறி ஒன்று இருக்கிறது, 'லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர்' என்று படிக்கலாம். எப்போதோ ஒரு கோளாறுக்காக அதை 1 என்று வைத்துவிட்டு மறந்திருக்கலாம். என்வ் கட்டளையை ஓட்டினால் தெரிந்துவிடும்.

கெஸ்ட் கிளம்பாமல் இஜிஎல் பற்றியோ ரெண்டர் கோப்பைப் பற்றியோ பிழை சொன்னால், பெரும்பாலும் அனுமதிச் சிக்கல், அல்லது தவறான கார்டு. அனுமதி என்றால், கெஸ்ட்டை ஓட்டுவது உங்கள் கணக்காக இல்லாமல் விர்ட்-மேனேஜருக்குப் பின்னால் வேலை செய்யும் லிப்விர்ட்டின் கணக்காக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள், ரெண்டர் குழுவில் சேர்க்க வேண்டியது அதைத்தான். கார்டு என்றால், என்விடியாவின் மூடிய டிரைவர் இருக்கும் ஹோஸ்ட்டில் ஸ்பைஸ் வழியான ஓபன்ஜிஎல் பலருக்கும் ஒத்துவருவதில்லை. கணினியில் இன்டெல் அல்லது ஏஎம்டி உள்ளிணைந்த கார்டும் இருந்தால் அதற்கு மாற்றிவிடுவதுதான் சுருக்கமான தீர்வு. டெஸ்க்டாப் ஓட்ட அந்தச் சின்னக் கார்டே தாராளம்.

வேறொரு கணினியிலிருந்து விஎன்சி வழியாகப் பார்க்க வேண்டும் என்றால் இஜிஎல்-ஹெட்லெஸ் என்றொரு காட்சி வகை இருக்கிறது. விர்ட்-மேனேஜரின் விருப்பங்களில் எக்ஸ்எம்எல் திருத்தத்தை அனுமதித்து, விஎன்சியோடு கூடுதல் கிராபிக்ஸ் உறுப்பாக அதைச் சேர்க்க வேண்டும். கார்டு வரைந்த படத்தை நினைவகத்துக்குத் திரும்பப் படியெடுத்துத்தான் இது அனுப்புகிறது, அதனால் நேரடி வழியளவு சீராக இருக்காது. இருந்தாலும் எல்எல்விஎம்பைப்பைவிட மேல்.

விர்ச்சுவல்பாக்ஸில்

விண்டோஸ் ஹோஸ்ட் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். கெஸ்ட்டை அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' பக்கத்துக்குப் போங்கள். கிராபிக்ஸ் கன்ட்ரோலர் 'விஎம்எஸ்விஜிஏ' என்று இருக்கட்டும். லினக்ஸ் கெஸ்ட்டுக்கு அதுதான் சரி. 'விபாக்ஸ்எஸ்விஜிஏ' என்பது விண்டோஸ் கெஸ்ட்டுக்கானது. வீடியோ மெமரி 16 எம்பி என்று இருந்தால் 128 எம்பி வரை ஏற்றுங்கள். 'எனேபிள் 3டி ஆக்ஸலரேஷன்' பெட்டியில் டிக்.

பிறகு கெஸ்ட்டைத் தொடங்கி, கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணை டிரைவர் தொகுப்பை நிறுவுங்கள். அதற்கு முன் கெஸ்ட்டுக்குள் ஜிசிசி, மேக், ஓடும் கர்னலுக்குரிய ஹெடர்கள் ஆகியவை இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதியில் பிழை வரும். பிறகு 'டிவைசஸ்' மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் வட்டைச் செருகி ஓட்டுங்கள். விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதையும் அதே பதிப்புக்குக் கொண்டுவருவது நல்லது.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். கெஸ்ட் ஓடும்போது சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா? தெரிந்தால் விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசசரின் மெய்நிகராக்க வசதியைப் பிடித்துவைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி ஓடுகிறது. கிராபிக்ஸை எப்படி அமைத்தாலும் ஒரு மந்தம் இருந்துகொண்டே இருக்கும். ஹைப்பர்-வியை அணைப்பதா என்பது உங்கள் முடிவு. அணைத்தால் டபிள்யூஎஸ்எல்2-உம் நின்றுபோகும், விண்டோஸின் சில பாதுகாப்பு வசதிகளும் போகும்.

முடுக்கத்தை இயக்கிய பிறகு திரை மினுங்கினாலோ, உள்நுழைந்ததும் கறுப்பாக நின்றாலோ, உள்நுழையும் திரையில் வேலாண்டுக்குப் பதில் எக்ஸ்11 அமர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் முடுக்கத்தை அணைத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி மாதிரி எளிய டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள். இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். எடிட்டரும் டெர்மினலும் மட்டும் திறந்து வேலை செய்பவருக்கு, தள்ளாடும் முடுக்கத்தைவிட முடுக்கமே இல்லாத எக்ஸ்எஃப்சிஇ நிம்மதி.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் வேலை இன்னும் குறைவு. கெஸ்ட் அமைப்பில் 'டிஸ்ப்ளே' பக்கத்தில் 'ஆக்ஸலரேட் 3டி கிராபிக்ஸ்' டிக், கெஸ்ட்டுக்குள் ஓபன்-விஎம்-டூல்ஸ்-டெஸ்க்டாப் பேக்கேஜ், அவ்வளவுதான். டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. 2022-இல் வந்த 17-ஆம் பதிப்பு ஓபன்ஜிஎல் 4.3 வரை தருகிறது. 2024 நவம்பரிலிருந்து இதை எல்லோரும் இலவசமாகவே பயன்படுத்தலாம். விண்டோஸ் ஹோஸ்ட்டில் முப்பரிமாணச் செயலிகளை ஓட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வந்துவிட்டது, உண்மையில் வேலை செய்கிறதா?

ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற பற்சக்கரக் காட்சியை ஓட்டி, வினாடிக்கு 60 சட்டகம்தான் வருகிறது என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு அது ஒத்துப்போகும்போது 60-தான் வரும். அது வேகத்தை அளக்கும் கருவியே அல்ல. அளக்க வேண்டும் என்றால் ஜிஎல்மார்க்2 ஓட்டுங்கள். முடுக்கம் உள்ளபோது ஒன்று, இல்லாதபோது ஒன்று என்று இரண்டு மதிப்பெண்ணையும் ஒப்பிடுங்கள்.

எனக்குப் பிடித்தது இன்னும் எளிய சோதனை. கெஸ்ட்டில் டாப் கட்டளையைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு சாளரத்தைப் பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். முடுக்கம் இல்லாதபோது க்னோம்-ஷெல் பட்டியலின் உச்சிக்கு ஏறி, ஒரு கோருக்கும் அதிகமாகவே விழுங்கும். முடுக்கம் வந்த பிறகு அது வெகுவாக இறங்கியிருக்க வேண்டும்.

பிரவுசரைத் தனியாகப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அபௌட், முக்காற்புள்ளி, சப்போர்ட் என்று கொடுத்தால் வரும் பக்கத்தில் கிராபிக்ஸ் பகுதி இருக்கும். 'கம்போசிட்டிங்' என்ற வரிசையில் வெப்ரெண்டர் என்று மட்டும் இருந்தால் நல்லது. பக்கத்தில் சாஃப்ட்வேர் என்று ஒட்டியிருந்தால், டெஸ்க்டாப்புக்கு முடுக்கம் இருந்தும் பிரவுசர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. குரோமியம் வகைப் பிரவுசர்களில் குரோம் ஜிபியூ பக்கம் இதே தகவலைத் தரும்.

வீடியோ வேறு கதை. திரையை வரைவது ஒரு வேலை, சுருக்கப்பட்ட வீடியோவை விரிப்பது இன்னொரு வேலை. இதுவரை நாம் அமைத்தது முதலாவதை. பெரும்பாலான கெஸ்ட்களில் வீடியோவை விரிப்பது இன்னும் பிராசசர்தான். அதனால் எல்லாம் சரியாக அமைந்த பிறகும் 4கே வீடியோ திணறினால் அதிர வேண்டாம். 1080 தரத்துக்கு இறக்குங்கள், அல்லது வீடியோவை ஹோஸ்ட்டிலேயே பாருங்கள். வல்கன் (ஓபன்ஜிஎல்லைப் போன்ற புதிய இடைமுகம்) வேண்டும் என்பவர்களுக்கு, 2024 டிசம்பரில் வந்த க்யூஇஎம்யூ 9.2-இல் வீனஸ் என்ற வழி சேர்ந்திருக்கிறது. ஓபன்ஜிஎல் உறுதியாக ஓடிய பிறகு அதில் இறங்குங்கள், முதல் நாளே வேண்டாம்.

முழுக் கார்டையும் கொடுத்துவிடலாமா?

தேடும்போது பாஸ்த்ரூ என்ற சொல் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். உண்மையான கார்டையே ஹோஸ்ட்டிடமிருந்து பிரித்து, விஎஃப்ஐஓ என்ற கர்னல் வசதி வழியாகக் கெஸ்ட்டிடம் ஒப்படைப்பது அது. கார்டின் முழு வேகத்துக்கு மிக நெருக்கமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பொதுவாக இரண்டு கார்டுகள் வேண்டும், ஹோஸ்ட்டுக்கு ஒன்று, கெஸ்ட்டுக்கு ஒன்று. ஒரு சாதனத்தைப் பிரித்துக் கெஸ்ட்டிடம் பாதுகாப்பாகக் கொடுக்க உதவும் ஐஓஎம்எம்யூ வசதி மதர்போர்டில் வேண்டும், இன்டெலில் விடி-டி என்று பெயர். கார்டு இருக்கும் ஐஓஎம்எம்யூ குழுவில் வேறு சாதனங்களும் இருந்தால் அவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கெஸ்ட் ஓடும்வரை அந்தக் கார்டு ஹோஸ்ட்டுக்கு இல்லை.

கெஸ்ட்டுக்குள் கூடா கணக்குகள் (என்விடியா கார்டில் ஓடும் கணிப்பு வேலைகள்) ஓட்ட வேண்டும் என்றால் கேவிஎம்மில் பெரும்பாலும் இதைத் தவிர்க்க முடியாது. விர்ஜிஎல் கடத்துவது ஓபன்ஜிஎல்லை மட்டும்தான், கூடா அதன் வழியே போகாது. கனமான விளையாட்டுகளுக்கும் இதுதான் வழி. டெஸ்க்டாப் மழமழவென்று நகர வேண்டும் என்பதற்காக மட்டும் இதில் இறங்காதீர்கள்.

லினக்ஸ் ஹோஸ்ட்டில் இன்னொரு டிஸ்ட்ரோவின் செயலிகளை ஓட்டுவதுதான் உங்கள் தேவை என்றால், மெய்நிகர் கணினியே வேண்டுமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். டிஸ்ட்ரோபாக்ஸ் போன்ற கன்டெய்னர் கருவிகள் ஹோஸ்ட்டின் கர்னலையே பயன்படுத்துவதால் கார்டையும் நேரடியாகவே தொடுகின்றன. பாவனைக் கார்டு என்ற கண்ணியே அங்கே இல்லை.

முடுக்கம் இருந்தால் மாறும் இரண்டு பழக்கங்கள்

முதலாவது, பாதுகாப்பு. முடுக்கம் என்றால் கெஸ்ட் அனுப்பும் கட்டளைகள் ஹோஸ்ட்டின் கிராபிக்ஸ் டிரைவர் வரை போகின்றன. கெஸ்ட்டைச் சுற்றியிருக்கும் சுவரில் ஒரு கதவைத் திறந்துவைக்கிறீர்கள். நம்பிக்கையில்லாத கெஸ்ட்டுக்கு முப்பரிமாண முடுக்கம் தரக்கூடாது என்று விர்ச்சுவல்பாக்ஸின் கையேடே எச்சரிக்கிறது. சந்தேகமான கோப்புகளைத் திறந்து பார்க்கவென்றே ஒரு கெஸ்ட் வைத்திருந்தால், அதில் இந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அது மெதுவாக ஓடட்டும்.

இரண்டாவது, ஸ்னாப்ஷாட். விர்ஜிஎல் இயங்கும் கெஸ்ட்டை ஓடும் நிலையிலேயே சேமிக்க முயன்றால், இடம்பெயர்க்க முடியாது என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கும். வரைந்துகொண்டிருந்தவை ஹோஸ்ட்டின் கார்டுக்குள் இருக்கின்றன, அவற்றைக் கோப்பில் எழுத வழியில்லை. வேலை நடுவில் 'சேவ்' அழுத்தி மடிக்கணினியை மூடும் பழக்கம் இருந்தவருக்கு இது பெரிய மாற்றம். கெஸ்ட்டை ஒழுங்காக அணைத்துவிட்டு ஸ்னாப்ஷாட் எடுங்கள். கர்னலையோ மீசாவையோ புதுப்பிப்பதற்கு முன் இப்படி ஒன்று எடுத்து, அன்றைய ரெண்டரர் வரியை ஸ்னாப்ஷாட்டின் விளக்கத்திலேயே எழுதிவையுங்கள். புதுப்பித்த பிறகு டெஸ்க்டாப் மறுபடி தவழ ஆரம்பித்தால், அந்த வரியையும் இன்றைய வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எந்தக் கண்ணியில் கை வைப்பது என்று தெரிந்துவிடும்.